வடக்கு லைனில் 38,000, உள்ளூரில் 22,000: எதற்குப் போவது?

பதினாலு சக்கரம் (மோகனூர்)

வணக்கம். வயது 33. பதினாலு சக்கர லாரி, வடக்கு லைன் (வட மாநில ஓட்டம்). ஒரே ஓனரிடம்தான் பல வருடமாக ஓட்டுகிறேன். டிரிப் சம்பளமும் பேட்டாவும் சேர்த்து சராசரியாக மாதம் 38,000 கைக்கு வருகிறது. இங்கிருந்து ஜவ்வரிசியோ தேங்காயோ ஏற்றினால் டெல்லி, சில சமயம் கவுகாத்தி. திரும்பும்போது கிடைக்கிற லோடு. வீட்டுக்கு மாதத்தில் மூன்று நான்கு நாள் வந்தால் உண்டு. சில மாதம் அதுவும் கிடையாது.

இப்போது நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையில் கூப்பிடுகிறார்கள். பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுபோய் இறக்கும் வேலை. 22,000 கையில், அதற்கு மேல் பிஎஃப், ஞாயிறு லீவு, இரவு வீட்டில் தூங்கலாம் என்கிறார்கள். வீட்டுக் கடனுக்கு மாதம் 9,500 போகிறது, ஒரு சீட்டும் ஓடுகிறது. மகள் ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்கிறாள். மாதம் 16,000 குறையும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வண்டி ஓட்டியவர்கள், ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். பணம் முக்கியமா குடும்பம் முக்கியமா என்று ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். அதை என் மாமனாரே சொல்லிவிட்டார்.


சங்ககிரி பைபாஸ்

22,000க்கு டிரைவரா? அதுவும் ஹெவி லைசென்ஸ் வைத்துக்கொண்டு? வடக்கு லைனுக்கு ஆள் கிடைக்காமல் நாமக்கல் முழுக்க வண்டிகள் நிற்கின்றன. ஓனரிடம் 45 கேளுங்கள், கொடுப்பார்.


கணக்குப்பிள்ளை (சேலம்)

நான் ஓட்டுகிறவன் இல்லை, டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ஒரே கேள்வி: 38,000 என்பது பேட்டா சேர்த்தா? அப்படியென்றால் வழியில் சாப்பாடு, டீ, குளியல், வண்டி நிறுத்தும் இடத்துக்குக் காசு, போன் ரீசார்ஜ் எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. சிக்கனமாக நாளுக்கு 350 வைத்தாலும், 25 நாளுக்கு 8,750. மீதி 29,250. உள்ளூர் வேலையில் சோறு வீட்டிலிருந்து வரும். ஆக 16,000 வித்தியாசம் என்று நீங்கள் பயப்படுவது உண்மையில் 7,250தான்.

பிஎஃப் 15,000 அடிப்படைக்குப் பிடித்தால் கம்பெனி பங்கு மாதம் 1,800. அது இன்று கையில் வராது, ஆனால் உங்கள் காசு. இஎஸ்ஐ விஷயத்தில் உஷாராக இருங்கள். அதற்குச் சம்பள வரம்பு 21,000. நீங்கள் அதைத் தாண்டிவிடுகிறீர்கள். ஆலையில் வேறு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுப்பார்களா என்று கேளுங்கள்.


பதினாலு சக்கரம்

ஆமாம், பேட்டா சேர்த்துத்தான். இப்படி ஒரு நாளும் கழித்துப் பார்த்ததில்லை. லோடில் குறைவு வந்தால் பிடிக்கிற காசையும் சேர்த்தால் இன்னும் கீழே போகும்.


தொப்பூர் இறக்கம்

தம்பி, நான் ஓட்டி முடித்தவன். கண்ணில் ஆபரேஷன் ஆனதும் ஸ்டீயரிங்கை விட்டேன். கணக்குப்பிள்ளை சொன்னது ஒரு பக்கம். நான் சொல்ல வருவது நாள் கணக்கு. அதை யாரும் பார்ப்பதில்லை.

நாமக்கல்லிலிருந்து டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர். பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று 44ஆம் நம்பர் ரோடே கொண்டுபோய் விட்டுவிடும். ஒற்றை டிரைவர் நாளுக்கு 400 ஓட்டினால் ஆறு நாள். திரும்ப ஆறு. பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வருகிறோமா? இருபது, இருபத்தைந்து ஆகிறது. அந்த மீதி நாள் எங்கே போனது?

நின்றதில் போனது. டெல்லியில் பகலில் நோ என்ட்ரி, இரவு உள்ளே போனால் குடோனில் இறக்க ஆள் இல்லை. இறக்கினால் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருப்பு. புரோக்கர் இன்று என்பான், நாளை என்பான். வாடகை படியவில்லை என்று ஓனர் இன்னும் இரண்டு நாள் பார்க்கச் சொல்வார். தீபாவளி, சத் பூஜை சமயம் மாட்டினால் பீகார் லேபர் எல்லாம் ஊருக்குப் போயிருப்பார்கள், ஏற்ற இறக்க ஆளே கிடைக்காது. குளிர்காலத்தில் டெல்லி காற்று கெட்டுப்போய்விட்டால் பழைய வண்டிகளை எல்லையிலேயே மடக்கிவிடுவான். தம்பி வண்டி பிஎஸ்6 (புதிய புகை விதிக்கு உட்பட்ட இஞ்சின்) ஆக இருந்தால் அதில் மட்டும் தப்பித்தீர்கள்.

எங்கள் காலத்தில் கர்நாடக எல்லையில் ஜூஜுவாடியில் ஒரு வரிசை, கேரள எல்லையில் வாளையாரில் ஒரு வரிசை. சேல்ஸ் டாக்ஸ் சாவடிகளில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் நின்றிருக்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, அந்தச் சாவடிகள் போயின. 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமானது, டோல்கேட் வரிசையும் சுருங்கியது. ரோடு நான்கு வழி, ஆறு வழி. வண்டிகளும் அப்போது போல இல்லை, நல்ல இஞ்சின். சரி, இவ்வளவு மிச்சமான நேரம் டிரைவர் வீட்டுக்கு வந்ததா? இன்னொரு நடைக்குத்தான் போனது. டியூ கட்டுகிற ஓனருக்கு நான்கு நாள் மிச்சமானால் அடுத்த லோடுதான் கண்ணில் தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை.

ஆகவே உங்கள் ஓனரிடம் சம்பளத்தை ஏற்றிக் கேட்பதைவிட, நிற்கிற நாளுக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். டிரிப் சம்பளத்தில் நீங்கள் நிற்கிற நாள் யாருக்கும் செலவில்லை. லோடு போட்டவனுக்கும் இல்லை, புரோக்கருக்கும் இல்லை. செலவில்லாத ஒன்றை யார் குறைப்பார்கள்?


ராசிபுரம் அக்கா

நான் டிரைவர் வீட்டுக்காரி. அண்ணா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன்.

தம்பி மூன்று நாள் வீட்டுக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறாரே, அந்த மூன்று நாளில் வண்டி எங்கே இருக்கும்? நாமக்கல் பட்டறையில். வண்டி ஊருக்கு வந்தால்தான் கிரீஸ், பிரேக், டயர் மாற்று, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) வேலை எல்லாம். டிரைவர் கூட நின்றால்தான் பட்டறையில் வேலை ஒழுங்காக நடக்கும் என்று ஓனர் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் முதல் நாள் முழுக்கத் தூக்கம். இரண்டாம் நாள் பட்டறை. மூன்றாம் நாள் யார் வீட்டு விசேஷமாவது இருக்கும், அல்லது விட்டுப்போன துக்கம் விசாரிக்கப் போக வேண்டும். சாயங்காலம் போன் வரும், லோடு ரெடி என்று.

போன் வசதி வந்த பிறகு தினமும் பார்க்கத்தான் செய்கிறோம். கஷ்டம் அதில் இல்லை. என்றைக்கு வருவீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை பாருங்கள், அங்கேதான் எல்லாம் நிற்கிறது. சீமந்தத்துக்குத் தேதி வைக்க முடியாது. ஸ்கூலில் அப்பா வரணும் என்றால் நாள் சொல்ல முடியாது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், இவர் வந்ததும் செய்யலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் நானும் என் தம்பியும் போய் முடித்துவிட்டு வந்தோம். மாதம் இரண்டே நாள் வருகிறேன், ஆனால் 10ஆம் தேதியும் 11ஆம் தேதியும் என்று சொன்னால்கூட நான் சம்மதிப்பேன்.

இன்னொன்று, யாரும் எழுதமாட்டீர்கள். உள்ளூர் வேலைக்கு வந்த முதல் இரண்டு மாதம் வீட்டில் சண்டைதான் நடக்கும். இத்தனை வருடம் நானே முடிவெடுத்துப் பழகிவிட்டேன், அவருக்கு எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்று இருக்கும். அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.


இரண்டு வண்டி ஓனர்

பேசிக்கொண்டே போகிறீர்கள், ஓனர் பக்கமும் கேளுங்கள். வண்டி நின்றால் எனக்கு லாபமா? டியூ நிற்காது, இன்சூரன்ஸ் நிற்காது. ரிட்டர்ன் வாடகை டீசலுக்கும் டோலுக்கும்கூடக் கட்டாத நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட லோடை ஏற்றிவரச் சொன்னால் டிரைவர் சீக்கிரம் வீட்டுக்கு வருவார், நான் ஃபைனான்ஸ்காரனிடம் வண்டியை விடுவேன். மீதி வாடகை கைக்கு வரவே மாதக்கணக்கு ஆகிறது.

நான் செய்தது ஒன்று. இரண்டு வண்டிக்கு மூன்று டிரைவர் போட்டேன். எப்போதும் ஒருவர் வீட்டில். ஒரு வண்டி ஊருக்கு வந்ததும் வீட்டில் இருப்பவர் ஏறிக்கொள்வார், வந்தவர் இறங்குவார். பட்டறை வேலையை அடுத்து ஏறப்போகிறவர் பார்த்துக்கொள்வார். வண்டி நிற்பது குறைந்தது, ஆக்டிங் டிரைவர் தேடி அலைவதும் குறைந்தது.


கணக்குப்பிள்ளை

> இரண்டு வண்டிக்கு மூன்று டிரைவர்

நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிரைவருக்கு மூன்றில் இரண்டு பங்கு நாள்தான் ஓட்டம். 38,000இல் அது சுமார் 25,300. வழிச்செலவு 17 நாளுக்குக் கழித்தால் கையில் 19,000 சொச்சம். தீவன ஆலை 22,000 இதைவிட மேல்! நாள் நிச்சயமாகக் கிடைக்கிறது என்பது உண்மை, ஆனால் அதற்கான விலையை டிரைவர்தான் கொடுக்கிறார். வீட்டில் இருக்கும் நாளுக்கு அரைப் பேட்டாவாவது தருகிறீர்களா?


இரண்டு வண்டி ஓனர்

இல்லை. தந்தால் நான்தான் டிரைவர் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.


சங்ககிரி பைபாஸ்

எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல லைன் டிரைவரைத் தீவன மூட்டை இறக்க அனுப்பப் பார்க்கிறீர்கள். வடக்கே ஓடினவனுக்கு உள்ளூரில் மனசு ஒட்டாது. நான் ஆறு மாதம் டிப்பர் ஓட்டிவிட்டு ஓடி வந்தவன். நாள் முழுக்கச் செம்மண் தூசு, கிரஷர் மேஸ்திரியிடம் பேச்சு. லைனில் நான்தான் ராஜா. நாக்பூர் தாண்டினால் ஓனர் குரல்கூடச் சரியாகக் கேட்காது.


தொப்பூர் இறக்கம்

ராஜாவுக்கு ஏன் 45 சம்பளம் கேட்கச் சொன்னீர்கள், வரி வசூலிக்க வேண்டியதுதானே.


ஸ்கார்பரோ பனி

நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில் டிரெய்லர் ஓட்டுகிறேன். டொரொண்டோவிலிருந்து அமெரிக்கா, சில வேளை வான்கூவர். இங்கே நிலைமை வேறாக இருக்கும் என்று நினைப்பீர்கள். சட்டம் வேறுதான். கனடாவுக்குள் ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்ட முடியாது, அமெரிக்காவுக்குள் 11. வண்டிக்குள் இருக்கும் மின்னணுப் பதிவுக் கருவி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும், ஏமாற்ற இடமில்லை.

ஆனால் சம்பளம் மைல் கணக்கு. குடோன் வாசலில் நான்கு மணித்தியாலம் நின்றால், முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றும் இல்லை, பிறகு தருகிறோம் என்பார்கள். அதையும் கேட்டு வாங்கவேண்டும். நிற்கிற அந்த நேரம், ஒரு நாள் வேலைக்கான 14 மணித்தியாலக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கான மணித்தியாலம் முடிந்தால் ஓய்வு எடுத்தே ஆகவேண்டும், 34 மணியோ 36 மணியோ. அந்த ஓய்வு பெரும்பாலும் வீட்டில் வராது. ஏதாவது டிரக் ஸ்டாப்பில், வெளியே பனி கொட்ட, வண்டிக்குள் படுத்துக் கிடப்பதுதான். தொப்பூர் அண்ணன் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. நான் இப்போது மணித்தியாலச் சம்பளத்துக்கு மாறப் பார்க்கிறேன். தொகை குறைவு, ஆனால் நின்றாலும் காசு விழும்.


பதினாலு சக்கரம்

எட்டு மணி நேரம் என்று நம் ஊரிலும் ஏதோ சட்டம் உண்டு என்பார்களே?


கணக்குப்பிள்ளை

1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தில், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொலைதூர ஓட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அனுமதி. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களுக்குத்தான் அது. நாமக்கல்லில் ஒரு வண்டி, இரண்டு வண்டி ஓனர்தான் ஏராளம். லைனில் அதை எழுதிக் காட்டிய ஒரு டிரிப் ஷீட்டை என் ஆபீஸில் நான் பார்த்ததே இல்லை.


தம்மாம் டிரெய்லர்

சவுதி வரச் சொல்லி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். வரவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருட காண்டிராக்ட், முடிந்ததும் லீவு. ராசிபுரம் அக்கா கேட்ட தேதி இங்கே கிடைக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு தேதி! சம்பளம் மிச்சமாகும், ஏனென்றால் செலவு செய்ய இடமில்லை. நான் வந்த முதல் கம்பெனியில் இக்காமா (தங்கும் அனுமதி) தாமதத்தால் பல மாதம் வண்டியே தரவில்லை, அடிப்படைச் சம்பளம் மட்டும். டிரிப் அலவன்ஸ் சேர்த்துச் சொல்கிற தொகையை நம்பி யாரும் விமானம் ஏறவேண்டாம். மகள் ஒன்றாம் வகுப்பு என்கிறீர்கள். இங்கே வந்தால் மூன்றாம் வகுப்பில்தான் பார்ப்பீர்கள்.


திருச்செங்கோடு ரிக்

எங்கள் போர்வெல் வண்டிகளில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டோம். மழைக்காலம் வந்தால் வேலை நிற்கும், ஊரில் ஓய்வு. மொத்தமாகப் போய் மொத்தமாக வருவது ஒரு விதத்தில் நல்லது. வயதான அப்பா அம்மா இருப்பவர்களுக்கு ஆகாது.


கேஸ் டேங்கர்

நடுவில் ஒரு வழி இருக்கிறது, யாரும் தொடவில்லை. எல்பிஜி (சமையல் கேஸ்) ஏற்றும் புல்லட் டேங்கர். மங்களூர், கொச்சி, எண்ணூர், விசாகப்பட்டினம் இந்த இடங்களில் ஏற்றி, தென்மாநிலங்களில் சிலிண்டர் நிரப்பும் பாட்டிலிங் பிளான்டுகளில் இறக்குவது. டேங்கரில் பெரும்பாலானவை நம் நாமக்கல் ஓனர்களுடையவை. ஓட்டம் குறுகியது, வழியில் வீடு வருகிற மாதிரி அமையும். ரிட்டர்ன் லோடு தேடுகிற வேலையே இல்லை, காலி வண்டியாகத் திரும்பிப்போய் ஏற்ற வேண்டியதுதான்.

அதற்கு லைசென்ஸில் ஆபத்தான சரக்கு ஓட்ட அனுமதி வேண்டும். மூன்று நாள் பயிற்சி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காத்திருப்பு இங்கேயும் உண்டு. பிளான்டில் டேங்க் நிறைந்திருந்தால் வாசலில் வரிசை கட்டி நிற்கவேண்டும். பிளான்டுக்குள் போன் கிடையாது, சமைக்கக் கூடாது, பீடிக்குக்கூட நெடுந்தூரம் நடக்கவேண்டும். 2025 மார்ச்சில் நடந்த டேங்கர் ஸ்டிரைக் ஞாபகம் இருக்கும். மாற்று டிரைவரோ கிளீனரோ வண்டியில் இல்லை என்றால் அபராதம் என்று எண்ணெய் கம்பெனிகள் டெண்டரில் போட்டதும் அதற்கு ஒரு காரணம். இரண்டாவது ஆள் கிடைப்பதுதான் இன்று பெரிய பாடு. கிளீனராகப் பையன்கள் வருவதே நின்றுவிட்டது.


சங்ககிரி பைபாஸ்

2025 அக்டோபருக்கு அப்புறம் தயாராகிற வண்டிகளில் ஏசி கேபின் கட்டாயம். நின்றால் என்ன, குளுகுளுவென்று தூங்கலாம்.


தொப்பூர் இறக்கம்

இஞ்சினை ஓடவிட்டால்தான் ஏசி. டீசல் மைலேஜ் குறைந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.


பதினாலு சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று தீவன ஆலைக்கு நேரிலேயே போய்ப் பார்த்தேன். வாசலில் நின்ற டிரைவர்களிடம் பேசியதில் ஆபீஸில் சொல்லாத பல விஷயம் தெரிந்தது.

ஞாயிறு லீவு என்பது பாதி உண்மை. கோழி ஞாயிற்றுக்கிழமையும் தின்னும். வாரத்தில் ஒரு நாள் சுழற்சியில் விடுகிறார்கள், எந்த நாள் என்று முந்தின வாரமே போர்டில் எழுதிவிடுகிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். நாமக்கல் சுற்றுவட்டாரப் பண்ணை என்றால் மதியம் மூன்றுக்குள் முடிகிறது, பல்லடம், உடுமலை பக்கம் போட்டால் இரவு ஒன்பது, பத்து. பண்ணையில் ஆள் இல்லாமல் நின்றாலும் மாதச் சம்பளம் என்பதால் எனக்கு நஷ்டமில்லை. நின்றால் ஆலையிலிருந்தே பண்ணைக்காரருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுகிறார்களாம். ஒரு டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்கு அங்கேயே பாதி மனசு வந்துவிட்டது. வடக்கே நான் நின்றதற்காக யாரும் யாருக்கும் போன் போட்டதில்லை.

இன்சூரன்ஸ் கேட்டேன். விபத்து பாலிசி உண்டு, மருத்துவத்துக்கு இல்லை. அதனால் 24,000 கேட்டிருக்கிறேன். 23 வரை வருவார்கள் போலிருக்கிறது.

என் ஓனரிடமும் பேசினேன். நிற்கிற நாளுக்குக் கேட்டதும் முதலில் கோபப்பட்டார். அப்புறம், இறக்குமிடத்தில் இரண்டாம் நாளுக்கு மேல் நின்றால் நாளுக்கு 500 தருகிறேன் என்றார். அந்தக் காசு பரவாயில்லை. ஆனால் மாதத்தில் இந்தத் தேதி வீட்டில் இருப்பேன் என்று ஒரு வாக்குத் தாருங்கள் என்றதற்கு, லோடு என் கையில் இல்லையப்பா என்றார். அதுவும் பொய்யில்லை.

மனைவியிடம் கணக்குப்பிள்ளை போட்ட கணக்கைக் காட்டினேன். சீட்டு அடுத்த பொங்கலோடு முடிகிறது, அதுவரை இழுத்துப் பிடிக்கலாம் என்கிறாள். ராசிபுரம் அக்கா எழுதிய சண்டை விஷயத்தையும் படித்தாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மே கடைசி வரை லைன், ஜூனிலிருந்து தீவனம். இப்போதைக்கு அவ்வளவுதான். கேஸ் டேங்கர் அண்ணன் சொன்ன மூன்று நாள் பயிற்சியை எப்படியும் முடித்துவைக்கிறேன், லைசென்ஸில் இருந்தால் நாளை உதவும்.


கணக்குப்பிள்ளை

23க்கு ஒப்புக்கொண்டால், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், பிஎஃப் வந்த பிறகு அதில் தொடர முடியுமா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.


சங்ககிரி பைபாஸ்

அந்தப் பதினாலு சக்கரத்துக்கு ஜூனுக்கு ஆள் போட்டாகிவிட்டதா? என் மச்சான் ஒருவர் இருக்கிறார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.


பதினாலு சக்கரம்

இன்னும் போடவில்லை. இந்தி பேசுவாரா? தனிச்செய்தி அனுப்புங்கள், ஓனரிடம் சொல்கிறேன். அந்த 500 ரூபாயை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.